கல் நாறிய பஸ்

போன வாரம் சுகன்யா போன் செய்தாள். தாம்பரம் டிராவல்ஸ் ஆபீஸில் நான் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் டூர் மேனேஜர். ராமேஸ்வரம் டூர் முடித்து வந்த அலுப்பு குரலில் தெரிந்தது.

"ஸ்டெல்லாக்கா, ஒரு சந்தேகம். மண்டபம் கடற்கரையிலேர்ந்து பஸ்ஸில ஏறும்போது எல்லாரும் பையை உதறிக் காட்டணும்னு ஒரு ரூல் இருக்குல்ல? அது சரி. பவளத்தை யாரும் உடைச்சு எடுத்துட்டு வரக் கூடாது, புரியுது. ஆனா மேனேஜர் பையை ஏன் முதல்ல உதறணும்? இந்தத் தடவை என் சீப்பு, மாத்திரை, பாதி கடிச்ச முறுக்கு எல்லாம் பஸ் மொத்தமும் பார்க்க மணல்ல விழுந்துச்சு. மானமே போச்சு. யாருக்கா இதைக் கண்டுபிடிச்ச புண்ணியவான்?"

"நான்தான்" என்றேன்.

போனில் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவேன், எழுதியே அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் அது பையைப் பற்றிய கதையாக மட்டும் நிற்கவில்லை.

நான் அந்த ஆபீஸுக்கு வந்தது புக்கிங் கிளார்க்காக. மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரே அறை. பாம்பனுக்கு ரோடு பாலம் திறந்த பிறகுதான் நம் பக்கத்துக் காலனிகளுக்கு ராமேஸ்வரம் ஆசை பிடித்தது. அதற்கு முன்னால் ரயிலை விட்டால் கதி இல்லை. பாலம் வந்ததும் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று ஒவ்வொரு காலனியிலிருந்தும் பெண்கள் கூட்டமாக மாடியேறி வந்தார்கள். "கூட ஒரு லேடி வந்தா தைரியமா இருக்கும்" என்றார்கள். ஆபீஸில் இருந்த ஒரே லேடி நான். அடுத்த டூரில் நான் மேனேஜர். பயிற்சி என்று ஒன்று இருந்ததாக ஞாபகமே இல்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நான், இருபத்திரண்டு தீர்த்தங்களின் பெயரையும் வரிசை மாறாமல் சொல்லப் பழகினேன். வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது நடுவில் ஒரு தீர்த்தம் வாயில் வந்துவிடும். அம்மா முறைப்பாள்.

எங்கள் முதலாளி ரத்தினம் சாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. மெலிந்த மனிதர், எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. டிரைவர், கிளீனர், என்னைப் போன்ற சின்னப் பெண் யாராக இருந்தாலும் 'வாங்க, போங்க'தான். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். "அப்படிங்களா" என்று காதில் விழாத அளவுக்கு மெதுவாகக் கேட்டார் என்றால் அன்றைக்கு நமக்கு நேரம் சரியில்லை.

பஸ்ஸை அவர் சோதிக்கிற முறையே தனி. டயர், பிரேக் எல்லாம் டிரைவர் முனுசாமி பார்த்துக்கொள்வார். ரத்தினம் சார் மூக்கால் பார்ப்பார். கழுவி, துடைத்து, ஜன்னல்களைத் திறந்து காயவைத்த பஸ்ஸில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார். கோயிலுக்குள் போகிற மாதிரிதான். கடைசி சீட்டுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொள்வார். அங்கிருந்து ஒவ்வொரு சீட்டின் முதுகையும் தொட்டபடி, மோந்துகொண்டே முன்னால் வருவார். ஊதுவத்தி, சாம்பிராணி எதுவும் கூடாது. "அதெல்லாம் நாத்தத்தை மூடி வைக்கிற வேலைங்க" என்பார். போன டூரில் யாரோ வாந்தி எடுத்த இடம், சீட்டுச் சந்தில் விழுந்த வாழைப்பழத் தோல், எதுவும் அந்த மூக்குக்குத் தப்பாது. முன் சீட்டுக்கு வந்து கண்ணைத் திறந்து "கிளம்பலாம்" என்றால்தான் முனுசாமி சாவியைப் போடுவார். டூர் முடிந்து வந்தாலும் இதே சோதனைதான். அப்போது கடைசி வார்த்தை "கழுவலாம்". முனுசாமிக்கு இதில் அளவில்லாத கிண்டல். "சாருக்கு மூக்கு இல்லபா, மீட்டரு கீது" என்று என்னிடம் சொல்வார்.

எங்கள் டூரில் கோயிலுக்குச் சமமாகப் பெயர் வாங்கியது மண்டபம் பக்கத்துப் படகுப் பயணம். சூசை என்ற மீனவரின் படகு. கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடலுக்குள் பவளத்திட்டு. தண்ணீர் வற்றியிருக்கிற நேரம் பார்த்துக் கூட்டிப்போவார். நம் காலனிப் பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் அந்தத் திட்டின் மேலேயே இறங்கி நடப்பார்கள். காலடியில் மொறுமொறுவென்று உடையும். ஆளுக்கு ஒரு துண்டு கையில் எடுத்துக்கொண்டுதான் திரும்புவார்கள். கரையில் சூசையின் மனைவி பிலோமி கடை போட்டிருப்பாள். பவளத்தை வாரக்கணக்கில் மணலில் புதைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, உப்புப் போல வெளுத்த துண்டுகளை விற்பாள். அந்தக் காலத்தில் தாம்பரம் பக்கம் எந்த வீட்டு ஷோகேஸைத் திறந்தாலும் தாஜ்மகால் பொம்மைக்குப் பக்கத்தில் பிலோமி விற்ற வெள்ளைப் பவளம் ஒன்று இருக்கும். கடலில் மீன் படாத மாதங்களில் அந்தக் குடும்பத்துக்கு எங்கள் பஸ்தான் சோறு. அதை பிலோமி வாய்விட்டே சொல்வாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனதற்கு அந்த வெளிப்படைப் பேச்சு ஒரு காரணம். எங்கள் இரண்டு பேருக்கும் கருவாட்டில் இருந்த ஆசை இன்னொரு காரணம்.

இனி அந்த நாறிய டூர்.

மாடம்பாக்கம் காலனி மகளிர் குழு. தலைமை கமலா மாமி. ஸ்கூல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நில் என்றால் நிற்பார்கள், உட்கார் என்றால் உட்காருவார்கள். அடுத்து வருகிற நவராத்திரிக் கொலுவில் ராமர் சேது கட்டுகிற காட்சியை வைக்கப்போவதாகப் போகும்போதே அறிவித்திருந்தார். கடலுக்கு அசல் பவளம் வேண்டும். பிலோமி கடையில் வெள்ளைத் துண்டைப் பார்த்து மாமி உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல கலரே இல்லையே. தண்ணிக்குள்ள ஊதாவும் பச்சையுமா நன்னா இருந்ததே."

"அது பச்சைக் கல்லும்மா. வெளுத்தாத்தான் வீட்டுக்கு ஆகும்" என்றாள் பிலோமி.

மாமி பதில் சொல்லவில்லை. மாமி பதில் சொல்லாவிட்டால் வேறு திட்டம் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அப்போது அது தெரியாது. குழுவில் எல்லோரும் ஊதா, பச்சை, பழுப்பு என்று திட்டில் கலர் பார்த்து உடைத்து வந்ததை, கலர் போகாமலிருக்க ஈரத் துண்டில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, ஒயர் கூடைக்குள் புடவைகளுக்கு அடியில் பதுக்கிவிட்டார்கள். இதைச் செய்ய நம் ஊர் ஆட்களால்தான் முடியும். கொத்துமல்லி வாடாமல் ஊருக்குக் கொண்டுபோகிற அதே முறை.

மறுநாள் திருச்சி தாண்டியதும் ஆரம்பித்தது. முதலில் லேசாக. யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். உளுந்தூர்ப்பேட்டை வருவதற்குள் எல்லோர் மூக்கிலும் முந்தானை. வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறியது. மதியச் சாப்பாட்டுக்குப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தவர்கள் அப்படியே மூடிவைத்தார்கள். முனுசாமி வண்டியை ஓரம் கட்டினார்.

"மேடம், உள்ள இன்னாமோ செத்துகினு கீது."

எலியாக இருக்கும் என்று சீட்டுக்கு அடியில் தேடினோம். எலி இல்லை. அப்போதுதான் கவனித்தேன். பஸ்ஸே என் பையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கண்ணும் முன் சீட்டில் இருந்த என் பிரவுன் ரெக்ஸின் பைக்கு வந்து, என் முகத்துக்கு வந்து, ஜன்னலுக்குப் போனது. மீன் சாப்பிடுகிறவள், கடற்கரைக்குப் போய் வந்தவள், கருவாடு கொண்டுவராமல் இருப்பாளா? கமலா மாமிதான் நாகரிகமாக ஆரம்பித்தார்.

"ஸ்டெல்லா, தப்பா நினைச்சுக்காதே. உன் பையில ஏதாவது..."

காது சுட்டது. பையை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து உதறினேன். பவுடர் டப்பா, ஜெபமாலை, மாற்றுப் புடவை, தீர்த்தப் பட்டியல் எழுதிய அட்டை. கருவாடு இல்லை. எத்தனையோ நல்ல கருவாட்டை அந்த டூரில் பிலோமி நீட்டியும், இவர்களை நினைத்து நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அந்த ஆத்திரம் வேறு.

அதற்குள் கிளீனர் மாமியின் ஒயர் கூடையை இறக்கினார். அடியிலிருந்து பழுப்பாகக் கோழை மாதிரி ஒன்று வழிந்து, ஒரு பட்டுப்புடவையின் கரையில் இறங்கியிருந்தது. ஒரு கூடையைத் திறந்ததும் மற்றக் கூடைகளும் தாமாகவே திறந்தன. ஊதா இல்லை, பச்சை இல்லை. எல்லாம் சாம்பல் நிறத்தில் அழுகி வழிந்தன.

"கல்லு எப்படிடி அழுகும்?" என்று மாமி கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது.

ரோட்டோரத்தில் குழி வெட்டிப் புதைத்தோம். நாற்றம் மட்டும் எங்களோடு தாம்பரம் வந்தது. ரத்தினம் சார் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கடைசி சீட்டுவரை போகவில்லை. மூன்றாவது சீட்டிலேயே நின்று கண்ணைத் திறந்தார்.

"ஸ்டெல்லா, இது கெட்டுப்போன சாமான் வாசனை இல்லைங்க. நேத்துவரை உயிரோட இருந்தது எதுவோ."

"பவளம் சார்."

"அப்படிங்களா" என்றார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அந்த வாரமே பக்கத்துக் கடைக்குச் சூசை போன் செய்தார். வனத்துறை ரேஞ்சர் வந்து திட்டைப் பார்த்திருக்கிறார். டூர் பஸ்ஸில் வந்தவர்கள் மிதித்து உடைத்ததைப் பார்த்துவிட்டு, இனி எந்தப் படகும் ஆளை ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். "படகைக் கரையில ஏத்திட்டேன்க்கா. உங்க ஆளுக ஒரு கல்லைக் கொண்டுபோனாக. எங்களுக்கு அடுப்புக் கல்லே போச்சு" என்றார். சூசை கோபப்பட்டு நான் கேட்டதில்லை. அன்றைக்கும் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அடுத்த டூரில் ரத்தினம் சார் தானே பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். பயணிகளை ராமேஸ்வரத்தில் தீர்த்தமாட விட்டுவிட்டு, சார், முனுசாமி, நான் மூன்று பேரும் மண்டபத்துக்குத் திரும்பினோம். ரேஞ்சர் கரையிலேயே நின்று பேசினார். பொறுமையான மனிதர்தான்.

"அது கல் இல்லம்மா. கண்ணுக்குச் சரியாத் தெரியாத சின்ன உயிர் கூட்டமாச் சேர்ந்து கட்டின வீடு. ஒரு விரல் நீளம் வளர வருஷக்கணக்கு ஆகும். அதுதான் மீனுக்கு ஒதுங்குற இடம். நீங்க காலை வெச்சா உடைய ஒரு நிமிஷம். பார்க்கட்டும், வேண்டாங்கல. ஆனா இறங்காம எப்படிப் பார்ப்பாங்க?"

பிலோமி இடுப்பில் கைவைத்து முன்னால் வந்தாள். "தெரியும் சார். மீன் வீடுன்னு எங்களுக்குத் தெரியாதா? அந்த வீட்டை உடைச்சாத்தான் எங்க வீட்டுல உலை கொதிக்குதுன்னா நான் என்ன செய்ய? கல்லை எடுக்காதேன்னு சொல்ல அத்தனை பேர் வர்றீக. அடுப்புல எதை வைக்கன்னு யாரும் சொல்லலையே."

சூசை படகைத் தண்ணீரில் தள்ளி, நீங்களே வந்து பாருங்கள் என்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டார். திட்டின் மேல் போய் நின்றோம். குனிந்து பார்த்தால் வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது. அலை நெளிய நெளிய கீழே எல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தது. இதனால்தானே சார் இறங்குகிறார்கள் என்றார் சூசை.

முனுசாமிதான் முணுமுணுத்தார். "மழையில வைப்பர் இல்லாத கண்ணாடி மாதிரி கீது." சொன்னவர் அப்படியே நிமிர்ந்தார். "சார், கரைக்கு வுடுங்க. ஒரு நிமிசம்."

டூர் பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு அடியில் மாற்று ஜன்னல் கண்ணாடி ஒன்று சாக்கில் சுற்றி எப்போதும் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். படகின் ஓரத்தில் படுத்து, கண்ணாடியைத் தண்ணீரின் மேல் தட்டையாக அழுத்தினார். ஓரத்தில் தண்ணீர் ஏறுவதற்குள் கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் கடல் திறந்துகொண்டது. ஊதா, பச்சை, மஞ்சள். கோலம் போட்ட வாசல் மாதிரி பவளம், அதன் சந்துகளில் நீலப் பொடிமீன்கள். நான் எத்தனையோ டூர் வந்தவள். அன்றைக்குத்தான் அதை முதன்முதலில் பார்த்தேன். ரத்தினம் சார் எதையோ மோந்து பார்க்கிற மாதிரி கண்ணாடிமேல் குனிந்து கிடந்தார்.

"சுத்தி பலகை அடிச்சுட்டா தண்ணி ஏறாது" என்றார் ரேஞ்சர். அவர் குரலே மாறியிருந்தது.

"எம் மச்சான் கீழ்க்கட்டளையில பாடி கட்றான் சார். ரப்பர் பீடிங் போட்டு லாக் பண்ணிட்டா இன்னா மழைக்கும் ஒழுகாது. கடலுக்கு மட்டும் ஒழுகிடுமா?" என்றார் முனுசாமி.

பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற ஷெட்டில் பெட்டிகள் தயாராயின. நான்கு பக்கம் தேக்குப் பலகை, அடியில் ஜன்னல் கண்ணாடி, பிடிக்கப் பஸ் கம்பியில் வளைத்த கைப்பிடி. கீழ்க்கட்டளை ஏரியில் சோதித்துப் பார்த்தோம். ஊரே கூடிவிட்டது. பெட்டி வழியே முதலில் தெரிந்தது ஒற்றைச் செருப்பு. "கடலுக்கு அடியில இதாம்பா கீதா?" என்று ஒருவர் கேட்க, ஏரிக்கரையே சிரித்தது. ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அதுதான் எங்களுக்கு வேண்டியது.

பெட்டிகளைப் பார்த்த பிலோமி முதலில் முகத்தைத் திருப்பினாள். பிறகு ஒன்றை எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இது எங்கிட்ட இருக்கட்டும். பார்க்கிறவுக எங்கிட்ட வாடகைக்கு எடுக்கட்டும்" என்றாள். ரத்தினம் சார் உடனே "பெட்டி எல்லாம் உங்களுதுதாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு ஆயுள் முழுக்க வேலை செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. செய்தும்விட்டேன். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. பவளம் எங்கே என்று கேட்டு முணுமுணுத்த பஸ்கள் உண்டு. பிலோமி பனையோலைப் பெட்டிகளும் விற்று ஒப்பேற்றினாள். ஆனால் கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு எந்த மீன் எங்கே குடியிருக்கிறது என்று அவள் கதை சொல்ல ஆரம்பித்ததும், அதற்கென்றே வருகிறவர்கள் வந்தார்கள்.

ரேஞ்சர் வைத்த நிபந்தனைகள் எளிமையானவை. படகு மணல் தரையில்தான் நங்கூரம் போடவேண்டும். யாரும் இறங்கக் கூடாது. பஸ் ஏறும் முன் பைகளைப் பார்க்கவேண்டும். கடைசியைக் கேட்டு ரத்தினம் சாரே தயங்கினார். குடும்பப் பெண்களின் பையைச் சோதித்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

"முதல்ல என் பையை உதறுறேன் சார். அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றேன்.

நல்ல யோசனை என்று எல்லோரும் பாராட்டினார்கள். நல்ல யோசனையும் இல்லை, ஒன்றும் இல்லை. ரோஷம். இனி எந்தக் கண்ணும் என் பைக்கு வருவதற்கு முன்னால் நானே கொட்டிக் காட்டிவிடுகிறேன் என்ற ரோஷம். இதுதான் சுகன்யா, உன் ரூல் பிறந்த கதை.

நவராத்திரிக்குக் கமலா மாமி கூப்பிட்டு அனுப்பினார். போனேன். சேது காட்சி அமர்க்களமாக இருந்தது. கடலுக்கு அடியில் ஊதாவும் பச்சையுமாகப் பவளம். திடுக்கிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தால், காய்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூட்டைச் சாயத்தில் முக்கி வெட்டி வைத்திருக்கிறார். "வாசனை பாரு, ஒண்ணும் வராது" என்றார். சுண்டலை இரண்டு பொட்டலமாகக் கொடுத்தார். பஸ்ஸில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

தை பிறந்ததும் மாமி மறுபடி குழுவோடு வந்தார், பெட்டி வழியே பார்ப்பதற்கென்றே. படகில் குப்புறப் படுத்துக்கொண்டு, கண்ணாடியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றார். "இதையா நான் புடவைக்கு அடியில சுருட்டி வெச்சேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது கடல் தண்ணீர் இல்லை.

கரைக்கு வந்தோம். பஸ் வாசலில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். வழக்கம்போல நான் முன்னால் போய், பிரவுன் ரெக்ஸின் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன்.

பவுடர் டப்பா விழுந்தது. ஜெபமாலை விழுந்தது. கூடவே எனக்குத் தெரியாத ஒரு பனையோலைப் பெட்டி விழுந்து, மூடி திறந்து, மணலில் சிதறியது. நெத்திலிக் கருவாடு. அருமையாகக் காய்ந்தது. தூரத்தில் பிலோமி தலையில் கைவைத்தாள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்கிறவளுக்குத் தெரியாமல் வைத்தால் வீட்டில் போய்ச் சாப்பிடுவாள் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

கமலா மாமி வரிசையிலிருந்து வெளியே வந்தார். முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனவர், பாதியில் கையை இறக்கினார்.

"ஸ்டெல்லா, இது உயிரோட இல்லையே?"

"இல்ல மாமி."

"பவளத்திட்டுல உடைச்சு எடுத்தது இல்லையே?"

"இல்ல மாமி. கருவாடு."

"அன்னிக்கு இல்லாத கருவாட்டுக்கு உன்னைச் சந்தேகப்பட்டேன். இன்னிக்கு இருக்கு. கணக்கு நேராயிடுத்து. எடுத்து வெச்சு ஏறு."

முதலில் சிரித்தது முனுசாமி. அப்புறம் வரிசை முழுக்கச் சிரித்தது. மாமி சிரித்த சிரிப்பில் அவர் பையும் கவிழ்ந்து, அதிலிருந்து வெற்றிலைப் பெட்டியும் பல்பொடியும் விழுந்தன. என்னுடைய ரோஷம் அந்த மணலிலேயே எங்கேயோ விழுந்துவிட்டது. தேடிப் பார்க்கவில்லை. ரூல் மட்டும் நிலைத்துவிட்டது. அதனால் சுகன்யா, உன் முறுக்கு விழுந்தால் விழட்டும்.

தாம்பரத்தில் எல்லோரும் இறங்கி, பெட்டி படுக்கையோடு பஸ்ஸைச் சுற்றியே நின்றார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ரத்தினம் சார் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கண்ணை மூடி, கடைசி சீட்டிலிருந்து ஒவ்வொரு முதுகையும் தொட்டபடி வந்தார். வெளியே நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் சீட்டுக்கு வந்ததும் நின்றார்.

"அப்படிங்களா" என்றார், மிக மெதுவாக.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. இன்னொரு முறை ஆழமாக மூச்சை இழுத்தார்.

"நெத்திலி" என்றார். "ஸ்டெல்லா, எனக்குப் பாதி எடுத்து வைங்க." அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்து, கிளீனரைப் பார்த்து, "கழுவலாம்" என்றார்.